‘ஆட்டிப்படை’, ‘அதிகாரம் பண்ணு’, ‘நாட்டாமை பண்ணு’: வாக்கியத்தில் எதை எப்படிப் போடுவது?

பொன்வண்டு (கேள்வி)

குடும்ப ஆலோசனை மையம் ஒன்றுக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. ஒருவர் இன்னொருவரைத் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டு ஆட்டுவதைச் சொல்லும் வாக்கியங்கள் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. கீழே இருக்கும் ஆறும் வரைவில் உள்ளவை. படித்தால் எல்லாமே இடறுகின்றன. எது தவறு, ஏன் தவறு, என்ன போட்டால் இயல்பாக இருக்கும்?

1. கணவர் மனைவி மேல் ஆட்டிபடைக்கிறார்.
2. மாமியார் மருமகளை ஆதிக்கம் செலுத்துகிறாள்.
3. அவள் தன் கணவரால் ஆட்டிப்படைக்கப்படுகிறாள்.
4. அண்ணன் நேற்று சாயங்காலம் என்னை அடக்கி ஆண்டான்.
5. என்னை நாட்டாமை செய்யாதீர்கள் அப்பா.
6. மேலாளர் ஊழியர்கள் மீது கோலோச்சுகிறார்.

மெய்ப்புமேசை

முதலில் உருபு. இந்த ஆறில் பாதி அங்கேதான் தடுக்குகின்றன.

ஆட்டு, ஆட்டிப்படை, அடக்கு, அடக்கியாள், மிரட்டு, அதட்டு. இவையெல்லாம் நேராக ஆளைப் பிடிக்கும் வினைகள். ஆளுக்கு ‘ஐ’ கட்டாயம்: ‘மனைவியை ஆட்டிப்படைக்கிறார்’. ‘மேல்’ வராது, ‘இடம்’ வராது. அஃறிணையில் ‘ஐ’யை விடலாம், ‘தண்ணீர் குடித்தான்’ என்றால் யாரும் குழம்பமாட்டார்கள். உயர்திணையில் விட்டால் பொருளே புரண்டுவிடும். ‘மருமகளை ஆட்டிப்படைக்கும் மாமியார்’ என்பதை ‘மருமகள் ஆட்டிப்படைக்கும் மாமியார்’ என்று எழுதினால் ஆட்டிப்படைப்பவரே மருமகள்தான். தலைப்பில் இடம் போதவில்லை என்று ‘ஐ’யை வெட்டினால் குற்றவாளி மாறிவிடுவார், கவனம்.

இன்னொரு வகை, பெயரோடு ஒரு வினை சேர்ந்து வருவது: ஆதிக்கம் செலுத்து, அதிகாரம் காட்டு, நாட்டாமை பண்ணு. இங்கே செயப்படுபொருளுக்கான நாற்காலியில் ‘ஆதிக்கம்’ ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. ஆளுக்கு அங்கே இடமில்லை, வேறு உருபுதான் தேட வேண்டும். ‘செலுத்து’ வந்தால் ‘மீது’ அல்லது ‘மேல்’. ‘காட்டு’ வந்தால் ‘இடம்’. ‘நாட்டாமை பண்ணு’ என்பதற்குப் பேச்சில் ‘கிட்ட’. சந்தேகம் வந்தால் அந்தப் பெயருக்கே ‘ஐ’ போட்டுப் பாருங்கள். ‘ஆதிக்கத்தைச் செலுத்தினார்’ என்று இயல்பாக வருகிறதா? அப்படியானால் ஆளுக்கு இன்னொரு ‘ஐ’ தரக்கூடாது. உங்கள் 2ஆம் வாக்கியம் விழுந்தது இதில்தான்.

‘எல்லாரையும் அதிகாரம் பண்ணுவா’ என்று ஊரே பேசுகிறதே என்று கேட்பீர்கள். பேச்சில் அது சரிதான். அங்கே ‘அதிகாரம் பண்ணு’ ஒட்டி ஒரே வினையாகிவிட்டது, அதனால்தான் ‘எல்லாரையும் அதிகாரத்தைப் பண்ணுவா’ என்று யாரும் சொல்வதில்லை. கதாபாத்திரம் பேசும் இடத்தில் தாராளமாக வையுங்கள். கையேடு தன் குரலில் பேசும் இடத்தில் ‘எல்லோர் மீதும் அதிகாரம் செலுத்துவார்’.

2இல் இன்னொரு சங்கடம். ‘மாமியார்’ என்று ‘ஆர்’ போட்டு மரியாதை கொடுத்துவிட்டு ‘செலுத்துகிறாள்’ என்று முடித்திருக்கிறீர்கள். ‘கிறார்’தான். கோபம் காட்டுவதற்காக விகுதியை இறக்கினால் கையேடு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகத் தோன்றும்.

ஒற்று: ‘ஆட்டி’ இகரத்தில் முடியும் வினையெச்சம், பின்னால் ‘ப’ வந்தால் வலி மிகும். ஆட்டிப்படைக்கிறார். பிரித்து ‘ஆட்டிப் படைக்கிறார்’ என்று எழுதினாலும் ‘ப்’ தங்க வேண்டும். ‘ஆட்டி வைக்கிறார்’ என்பதில் ஒற்று இல்லை. ‘அடக்கி ஆள்கிறார்’, சேர்த்தால் ‘அடக்கியாள்கிறார்’; ‘அடக்கிஆள்கிறார்’ என்று ஒட்டவைக்காதீர்கள். இறந்தகாலம் ‘ஆண்டார்’. ‘ஆட்டிபடை’, ‘அடக்கிஆள்’ இரண்டையும் கோப்பில் தேடுதல் போட்டு ஒரே மூச்சில் திருத்திவிடலாம்.

வினைவேர்

உருபைப் பற்றி மெய்ப்புமேசை சொன்னதற்கு மேல் ஒன்றுமில்லை. 3ஆம் வாக்கியத்துக்கும் 4ஆம் வாக்கியத்துக்கும் வருகிறேன்.

‘ஆட்டிப்படைக்கப்படுகிறாள்’. இலக்கணப்படி பிழை சொல்ல முடியாது. ஆனால் ‘படை’யும் ‘படு’வும் அடுத்தடுத்து வந்து நாக்கைச் சுளுக்குகின்றன. தமிழில் இந்த இடத்துக்கு வேறு வழி இருக்கிறது, ஜோடி வினைகள். ஆட்டு என்றால் ஆடு, அடக்கு என்றால் அடங்கு, மிரட்டு என்றால் மிரள், பணியவை என்றால் பணி. ஒருவர் செய்வதற்கு ஒரு வினை, அதனால் மற்றவருக்கு நேர்வதற்கு ஒரு வினை. ‘கணவர் ஆட்டுகிறபடியெல்லாம் ஆடுகிறாள்.’ ‘அவர் மிரட்டி மிரட்டியே இவள் மிரண்டு போயிருக்கிறாள்.’ செயப்பாட்டு வினை தேவையே இல்லை.

ஆனால் இதில் ஒரு பள்ளம் உண்டு, ஆலோசனைக் கையேட்டில் அது பெரிய பள்ளம். இந்தத் தன்வினைகள் பாதி நேரம் பாராட்டாகப் போய்விடும். ‘கணவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறாள்’, ‘அடங்கி நடக்கிறாள்’ என்று எழுதினால் பத்தில் எட்டுப் பேர் நல்ல பெண் என்று வாசிப்பார்கள். ‘கண்டிப்பான அப்பா’, ‘பிள்ளைகளைக் கட்டுப்பாட்டோடு வளர்த்தவர்’ இரண்டும் பாராட்டுதான். துணைவினையை மாற்றினால் சாயல் மாறும். ‘அடங்கிப் போகிறாள்’ என்றால் வேறு வழியில்லாமல் என்பது ஒட்டிக்கொள்ளும். ‘அடங்கிக் கிடக்கிறாள்’ இன்னும் கனம். ‘நட’ போட்டால் ஒழுக்கம், ‘போ’ போட்டால் விட்டுக்கொடுப்பு, ‘கிட’ போட்டால் கதியற்ற நிலை. ‘அடங்காதவள்’ என்ற சொல்லைக் கையேட்டின் பக்கமே கொண்டுவராதீர்கள், அது வசவு.

4இல் காலம் இடிக்கிறது. அடக்கியாள்வதும் ஆட்டிப்படைப்பதும் ஒரு சாயங்காலத்தில் நடந்து முடிகிற காரியமில்லை. நாள்பட்டதைச் சொல்லும் வினைகள் அவை. ‘பத்து வருஷம் அடக்கி ஆண்டார்’ சரி, ‘நேற்று அடக்கி ஆண்டார்’ சிரிப்பு. ஒருமுறை நடந்தது என்றால் அதட்டினான், உறுக்கினான், எகிறினான், வாயை அடைத்தான். குரல் மட்டும் உயர்ந்திருந்தால் ‘அதட்டினான்’. கைநீட்டப் போவதுபோல் வந்திருந்தால் ‘எகிறிக்கொண்டு வந்தான்’. பேச விடாமல் செய்தால் ‘வாயை அடைத்தான்’. மூன்றும் மூன்று சம்பவங்கள், மாற்றிப் போட்டால் நடந்ததே மாறிவிடும்.

வழக்கமாக நடப்பதைச் சொல்லப் பேச்சில் எதிர்கால வடிவம்தான் வசதி: ‘எதுக்கெடுத்தாலும் அதட்டுவாரு’. நாளைக்கு அதட்டப் போகிறார் என்று யாரும் புரிந்துகொள்ளமாட்டார்கள்.

இன்னொன்று. ‘ஆட்டிப்படை’க்கு எழுவாயாக மனிதர்களைவிடக் கடனும் நோயும் ஆசையும் சனியும்தான் அதிகம் வரும். ‘சர்க்கரை ஆட்டிப்படைக்குது’, ‘கந்துவட்டி ஆட்டிப்படைக்கிறது’. மனிதரை எழுவாயாக வைத்தால் வாக்கியம் சட்டென்று சூடேறும். அதனால் பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதே பொருளைக் கொஞ்சம் தணித்துச் சொல்ல ‘ஆட்டி வைக்கிறார்’ இருக்கிறது. பின்னால் நின்று நூலை இழுக்கிறார், முன்னால் வந்து கத்துவதில்லை என்ற சாயல் அதில் வரும். சத்தமே போடாமல் வீட்டைத் தன் கைக்குள் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பொருத்தம்.

தாமிரபரணி

5ஆம் வாக்கியத்தை யாரும் தொடவில்லையே!

உருபை ‘என்கிட்ட’ என்று மாற்றினாலும் அது தேறாது. ‘நாட்டாமை பண்ணாத’ என்பது உனக்கு அந்த உரிமையே இல்லை என்று சொல்வது. ஊர் நாட்டாமைக்கு உண்மையில் அதிகாரம் உண்டு. ஒருவரைப் பார்த்து ‘நாட்டாமை பண்ணாத’ என்றால் நீ யார் என்னைக் கேட்க என்று பொருள். சமவயதுக்காரரிடமும் சின்னவரிடமும் செல்லும். தம்பியிடம், கூட வேலை செய்கிறவரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம். அப்பாவைப் பார்த்துச் சொன்னால் அன்றைக்கு வீட்டில் உலை வைக்கமாட்டார்கள். ‘செய்யாதீர்கள்’ என்று மரியாதை விகுதி போட்டுவிட்டு ‘நாட்டாமை’யை விட்டுவைத்தால் மரியாதையா, கிண்டலா என்றே தெரியாது.

மூத்தவர்களைப் பற்றிச் சொல்ல நம் வீடுகளில் வேறு பேச்சு இருக்கிறது. அவர்களை எழுவாயாக்கிக் குற்றம் சாட்டாமல், அவர்கள் சொல்லை எழுவாயாக்குவது. ‘அப்பா வச்சதுதான் சட்டம்.’ ‘அத்தை சொன்னா சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது.’ மருமகள் தன் அக்காவிடம் போனில் பேசுவதாக இருந்தால், ‘என்ன குழம்பு வைக்கணும்னுகூட அத்தைதான் சொல்லணும்க்கா, நானா ஒண்ணு செஞ்சிட முடியாது’ என்பார். அதில் ஆதிக்கம் என்ற சொல்லும் இல்லை, அதிகாரம் என்ற சொல்லும் இல்லை. கேட்கிற அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிடும். அப்பாவிடம் நேராகவே சொல்ல வேண்டுமென்றால், ‘அப்பா, இத நான் பாத்துக்கிறேன், எனக்கு விடுங்க’. அதற்கு மேல் சூடு வேண்டுமென்றால், ‘எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணிட்டா அப்புறம் நான் எதுக்குப்பா?’

‘ஆட்டிப்படைக்காதே’ என்று எவரும் எவரிடமும் நேருக்கு நேர் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அது இல்லாத ஆளைப் பற்றிப் பேசும் வினை. ‘நான் உன்னை ஆட்டிப்படைப்பேன்’ என்றால் நாடகத்தில் ராட்சசன் பேசுவதுபோல் இருக்கும். நேரில் சொல்ல ‘அதிகாரம் பண்ணாத’, ‘மிரட்டாத’, ‘என்ன ரொம்ப எகிறுற?’ இவைதான்.

எங்கள் பக்கம் ‘சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாத’ என்றும் சொல்வார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பதிலாக மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் பெரிய பையன்தான் சட்டாம்பிள்ளை. அக்கா தம்பிகளுக்குள் நடக்கும் சின்ன அதிகாரத்துக்கு இந்தச் சொல் பொருந்தும், கணவன் மனைவிக்குப் பொருந்தாது, அவ்வளவுதான் விஷயம்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ‘முந்தானையில் முடிந்துகொண்டாள்’ பெண்ணை மட்டுமே குத்தும், ஆலோசனைக்கு வருகிற ஆண் அதைக் கேட்டால் கூசிப் போவார். ‘தலையில் ஏறி மிளகாய் அரைக்கிறான்’ இடம் கொடுத்தவரையும் சேர்த்துக் கேலி செய்யும், நீ ஏன் விட்டாய் என்று கேட்கும். பாதிக்கப்பட்டவர் வாசிக்கப் போகிற கையேட்டில் அது வேண்டாம்.

கரைநகர்

கையேடு இலங்கைக்கும் போகுமென்றால் ஒரு குறிப்பு. எங்கட பக்கத்தில ‘மிரட்டு’ என்ற இடத்தில ‘வெருட்டு’தான் வாயில வரும். வெருள், வெருட்டு, மேலே சொன்ன ஜோடி மாதிரியேதான். ‘மனுசியை வெருட்டி வெருட்டியே வைச்சிருக்கிறான்’ என்றால் நாள்பட்ட சங்கதி என்று உடனே விளங்கும். அடிதடிக்கு ஆயத்தமாய் நிற்கிற ஆளெண்டால் ‘சண்டித்தனம் காட்டுறான்’. நேரில சொல்ல ‘என்னட்டை அதிகாரம் காட்டாதையும்’. ‘நாட்டாமை பண்ணு’ படம் பார்த்து விளங்கும், ஆனால் ஊர்ப் பேச்சில்லை. ‘ஏசு’ என்றால் எங்களுக்குத் திட்டுறது மட்டும்தான், கட்டுப்படுத்துறதைச் சொல்ல அதைப் போடாதேங்கோ.

மெய்ப்புமேசை

6 பாக்கி நிற்கிறது. ‘கோலோச்சு’ இங்கே பொருந்தாது. குறள் 544இல் கோலோச்சுகிற மன்னன் குடிகளை அணைத்து ஆள்கிறவன். அவன் காலடியில் உலகமே நிற்கும் என்று வள்ளுவர் சொல்வது பாராட்டாக. இன்றைக்கும் ‘இசையுலகில் கோலோச்சினார்’ என்றால் புகழ்ச்சிதான். ‘ஆதிக்கம் செலுத்து’கூட விளையாட்டுப் பக்கத்தில் வந்தால் குற்றமற்றது: ‘முதல் பாதி ஆட்டத்தில் ஆதிக்கம் செலுத்தியது’. இடத்துக்கு ‘இல்’, ஆளுக்கு ‘மீது’. ‘மீது’ வந்தால்தான் கசப்பு.

அலுவலகத்துக்கு ‘விரட்டி வேலை வாங்குகிறார்’ போடலாம். ‘வேலை வாங்கு’ தனியாக வந்தால் திறமை, ‘விரட்டி’ சேர்ந்தால் கொடுமை. ‘கசக்கிப் பிழிகிறார்’ என்பது உழைப்பை உறிஞ்சுவது, கட்டுப்படுத்துவது அல்ல. பேச்சில் ‘டாமினேட் பண்றார்’, ‘டார்ச்சர் பண்றார்’ இரண்டும் புழங்குகின்றன, ஒன்றுக்கொன்று மாற்று அல்ல: முதலாவது கூட்டத்தில் மற்றவரைப் பேசவிடாதவருக்கு, இரண்டாவது தனியாக ஒருவரைப் பிடித்து வதைப்பவருக்கு. ‘சீன் போடுறார்’, ‘உதார் விடுறார்’ இவற்றைக் கலந்துவிடாதீர்கள். அங்கே வெறும் காட்சிதான், யாரும் யாருக்கும் அடங்குவதில்லை.

அதிகாரி சட்டப்படி செய்ததைச் சொல்லும்போது ‘அதிகாரத்தைப் பயன்படுத்தினார்’. ‘அதிகாரம் பண்ணினார்’ என்று எழுதினால் அவர் மேல் குற்றச்சாட்டு.

மனுத்தாள்

எல்லாரும் சொல்லைச் சீர்செய்கிறீர்கள். கையேட்டைப் படித்துவிட்டுச் சிலர் மனு எழுதுவார்கள், அங்கே எந்த வினை எடுபடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

‘கணவர் என்னை ஆட்டிப்படைக்கிறார்’ என்ற வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது முடிவு, செயல் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இன் 3ஆம் பிரிவு உடல்ரீதியான வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தளவிலும் செய்யும் வன்முறை, பொருளாதார வன்முறை என்று பிரித்துச் சொல்கிறது. 2006 விதிகளோடு வந்த முதல் படிவத்தில், வேலைக்குப் போகவிடாமல் தடுத்தல், வீட்டைவிட்டு வெளியேற விடாமல் தடுத்தல், குறிப்பிட்ட ஒருவரைச் சந்திக்க விடாமல் தடுத்தல் என்று தனித்தனி வரிகளே இருக்கின்றன. பாதுகாப்பு அலுவலர் நிரப்புவது அதைத்தான். வாக்கியம் அந்த வரிகளில் போய் உட்கார வேண்டும்.

தமிழில் இதற்கு வாட்டமான அமைப்பு ‘விடு’. போக விடுவதில்லை, பேச விடுவதில்லை, தொட விடுவதில்லை. இன்னொன்று ‘வை’: கையெழுத்துப் போட வைத்தார், வேலையை விட வைத்தார். ‘விடுவதில்லை’ தடுப்பு, ‘வைத்தார்’ கட்டாயம். இரண்டையும் வைத்துக்கொண்டு எழுதினால் ‘ஆதிக்கம்’ என்ற சொல்லே தேவைப்படாது:

‘சம்பளம் ஏறியதும் ஏடிஎம் கார்டை அவரே எடுத்துக்கொள்கிறார். பஸ்ஸுக்குக்கூட அன்றன்றைக்குக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அம்மா வீட்டுக்குப் போன் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். மார்ச் மாதம் வேலையை விட வைத்தார்.’

யார், எதை, எப்போதிலிருந்து, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை. இவை நாலும் வந்துவிட்டால் போதும். ‘அடிக்கடி’ என்று எழுதாதீர்கள், ‘வாரம் இரண்டு மூன்று முறை’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘எப்போதும்’, ‘எல்லாவற்றிலும்’ இரண்டும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அல்வா. ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டி மொத்த வாக்கியத்தையும் பொய்யாக்கிவிடுவார்.

மிரட்டலை மட்டும் அவர் சொன்ன சொல்லிலேயே மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். ‘கெட்ட வார்த்தையில் திட்டினார்’ என்று மூடி மழுப்பினால் பலன் குறைவு. ‘குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடுவேன், அப்புறம் நீ பாக்கவே முடியாது’ என்று அப்படியே எழுதினால் அது மிரட்டல் என்று வேறு யாரும் விளக்க வேண்டாம். உதவி எண்ணாகக் கையேட்டின் பின்னட்டையில் 181 இருக்கட்டும்.

பொன்வண்டு

எல்லாருக்கும் நன்றி. இப்போது இப்படி நிற்கிறது, ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. கணவர் மனைவியை ஆட்டிப்படைக்கிறார்.
2. மாமியார் மருமகள் மீது ஆதிக்கம் செலுத்துகிறார்.
3. கணவர் ஆட்டுகிறபடியெல்லாம் ஆடுகிறாள், அடங்கிக் கிடக்கிறாள்.
4. அண்ணன் நேற்று சாயங்காலம் என்னை அதட்டி வாயை அடைத்தான்.
5. அப்பா, இதை எனக்கு விடுங்க, நான் பாத்துக்கிறேன்.
6. மேலாளர் ஊழியர்களை விரட்டி வேலை வாங்குகிறார், டீ குடிக்கப் போகவும் விடுவதில்லை.

வினைவேர்

3இல் ஒன்றை எடுத்துவிடுங்கள். ‘ஆடுகிறாள்’ என்றால் ஓடியாடிச் செய்கிறாள், ‘கிடக்கிறாள்’ என்றால் ஒடுங்கிப் போயிருக்கிறாள். ஒரே வாக்கியத்தில் இரண்டும் இழுபறி. பின்னால் வரும் பத்தி அவள் வேலையை விட்டதைச் சொல்கிறதென்றால் ‘கிடக்கிறாள்’ இருக்கட்டும். மற்றவை சரி.

தாமிரபரணி

4இல் பேசுவது தங்கச்சியா? அப்படியானால் எங்கள் பக்கத்தில் ‘அண்ணன் அதட்டுனான்’ என்று ஒருமையில் சொல்வது சாதாரணம். கொங்குப் பக்கத்து வாசகருக்கு ‘அதட்டுனாங்க’ என்றுதான் வரும். கையேடு எந்த மாவட்டத்துக்குப் போகிறது என்று பார்த்து விகுதியை முடிவு செய்யுங்கள்.